பாதியில் நின்ற முள்

எங்கள் நாட்டில் "உன் நோவு எனக்கு வரட்டும்" என்று சொல்லாமல் யாரும் யாரிடமும் ஒரு தீப்பெட்டிகூட வாங்க மாட்டார்கள். தாய் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போது சொல்வாள். முன்பின் தெரியாதவன் வழி கேட்கும்போது சொல்வான். கிவ்லேதி என்ற மலைக் கிராமத்தில் கடை வைத்திருக்கிற எனக்கு ஒரு நாளில் உப்பு வாங்க வருகிறவர்களும் சோப்பு வாங்க வருகிறவர்களும் சொல்கிற கணக்கைப் பார்த்தால், என் முழங்கால் வலி எப்போதோ ஊர் முழுக்கப் பங்கு போட்டுக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அது என்னிடமேதான் இருக்கிறது. அது வெறும் பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஊர் வேன்காரன் ஜும்பெருக்கு மட்டும் தெரியாது. நாற்பது வயது தாண்டிய அந்த மனிதன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. ஒருமுறை கல்யாண விருந்தில், நான்கு கோப்பை மது உள்ளே போன தைரியத்தில், ஏன் என்று கேட்டேன். அவன் கூரையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கடவுள் காதுல விழுந்து, சரின்னு சொல்லிட்டா என்னப்பா பண்றது?" என்றான். மேசையே சிரித்தது. அவன் மனைவி லம்ஸிரா மட்டும் சிரிக்கவில்லை. லோபியோ என்ற பீன்ஸ் குழம்புக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளி வைத்தாள்.

முயல் என்பதுதான் ஊர் அவனுக்கு வைத்த பெயர். பாலத்தில் ஏறும் முன் வண்டியை நிறுத்தி இறங்கி, பாலத்தைக் காலால் உதைத்துப் பார்ப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் அவனுக்குப் பேய்தான், ஒதுங்கி வழிவிட்டுவிடுவான். எங்கள் ராச்சா மலைப்பகுதிக்காரர்கள் நிதானமானவர்கள் என்று நாடே எங்களைப் பற்றிக் கதை கட்டிச் சிரிக்கும். அந்த ராச்சாவிலேயே ஒருவனை மெதுவானவன் என்று சொல்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மலையில் வண்டி ஓட்டுவதற்குப் பயந்தாங்கொள்ளிதான் சரி. தைரியசாலிகள் ஓட்டிய வண்டிகள் நாக்கெராலா கணவாய்க்குக் கீழே பள்ளத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அதனால் கடைக்குச் சரக்கு எடுக்க நான் எப்போதும் ஜும்பெரோடுதான் போவேன். அவனுடையது பழைய ரஷ்ய வேன். பார்க்க அச்சில் வார்த்த ரொட்டிபோல் இருக்கும். எஞ்சின் முன்னால் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு இரும்பு மேட்டுக்குள் கிடக்கும். பின்னால் மாவு மூட்டையில் உட்கார்ந்து அந்த மேட்டின்மேல் கையை வைத்தால் கணப்பே வேண்டாம்.

அந்த வண்டியில் ஜும்பெர் நம்பிய ஒரே பொருள் பெட்ரோல் முள். பிரேக்கை நம்ப மாட்டான், சக்கரத்தை நம்ப மாட்டான். "மத்ததெல்லாம் ஆனப்புறம்தான் சொல்லும். இது ஒண்ணுதான் முன்கூட்டியே சொல்லுது" என்பான். முள் பாதிக்குக் கீழே இறங்க அவன் விட்டதில்லை. சாலையைவிட அதைத்தான் அதிகம் பார்ப்பான்.

பிறகு லம்ஸிராவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் கணவாயைத் தாண்டி குத்தாயிசி ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் இயந்திரத்தில் படுத்தாக வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னார். ஜும்பெர் அதைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து, நின்றிருந்த வண்டியின் டயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். குத்தாயிசியிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கலாமே என்று நாங்கள் சொன்னோம். லம்ஸிரா கேட்கவில்லை. தன் மாட்டையும் அடுப்பையும் விட்டு வாழ்வதானால் அந்த இயந்திரம் எதற்கு என்றாள். அதுவரை ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் சிறிது சிறிதாகப் பயந்துகொண்டிருந்தவனுக்குப் பயப்பட ஒரே காரியம் கிடைத்துவிட்டது. அந்த இயந்திரத்துக்கும் அவளுக்கும் நடுவே வண்டி நின்றுவிடக்கூடாது.

இலையுதிர்காலக் கடைசியில், புனித கியோர்கியைக் கொண்டாடும் கியோர்கோபா திருநாள் வந்தது. லம்ஸிராவின் தம்பி ரெவாஸ் குத்தாயிசியில் ஒலிபெருக்கி பழுது பார்க்கிறவன். அக்காவுக்காக மடாலயத்திலிருந்து புனித கியோர்கியின் சிறிய படம் ஒன்றை வாங்கி வந்தான். குதிரைமேல் உட்கார்ந்து பாம்பைக் குத்துகிற படம். நம் சாலைகளில் எந்தப் பசையும் நிற்காது என்று, பழைய பெரிய ஒலிபெருக்கியின் காந்தம் ஒன்றைப் பெயர்த்து அதன் முதுகில் ஒட்டியிருந்தான். வண்டியின் முகப்பு முழுக்க இரும்பு. லம்ஸிரா ஒரு நிமிடம் இடம் பார்த்தாள், பிறகு பெட்ரோல் முள்ளுக்கு நேர் மேலே வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பாதிரியார் வந்து வண்டிக்குள்ளும் வெளியிலும் புனித நீர் தெளித்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, நீர் தெளித்த படத்தை அடுத்த கியோர்கோபா வரும்வரை இடம் மாற்றக்கூடாது. மாற்றினால் வேண்டிக்கொண்டவருக்கு ஆகாது என்பார்கள். கியோர்கோபா ஆண்டுக்கு இரண்டு முறை வரும், அடுத்தது மே மாதம்.

அந்த வாரமே ஜும்பெர் என் கடைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. டேங்கை நிரப்பியும் முள் பாதிக்குச் சற்று மேலேயே நிற்கிறது, ஏறவில்லை என்றான். போகட்டும், பழைய வண்டிதானே என்றேன். "ஏறாதது இறங்கவும் இறங்காது, வலிகோ" என்றான். அப்படித்தான் ஆனது. குத்தாயிசி போய்த் திரும்பி வந்தபோதும் முள் அதே இடத்தில் நின்றது.

அவன் தேட ஆரம்பித்தான். முதலில் டேங்கிலிருந்து முள்ளுக்கு வரும் ஒயரைக் கழற்றினான். முள் தரைக்கு, அதாவது காலி என்ற கோட்டுக்கு, விழ வேண்டும், விழவில்லை. அந்த ஒயரை வண்டியின் இரும்பில் தொட்டான். முள் கடைசிவரை துள்ள வேண்டும். மயிரிழை நடுங்கிவிட்டு நின்றுகொண்டது. அப்படியானால் கோளாறு முள் இருக்கிற வட்டக் கடிகாரத்தில்தான் என்று அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சமையல் மேசைமேல் வைத்து, ஒரு பேட்டரியையும் டேங்கில் மிதக்கும் மிதவையையும் இணைத்தான். மிதவையைத் தூக்கினால் முள் ஏறியது. இறக்கினால் இறங்கியது. பிசிறே இல்லை. லம்ஸிரா சோள ரொட்டி தட்டிக்கொண்டே அதை வேடிக்கை பார்த்தாள். மகிழ்ச்சியோடு திரும்ப வண்டியில் மாட்டினான். முள் பாதிக்கு மேலே போய் நின்றது.

இரும்போடு சேரும் ஒயரைச் சுரண்டிப் புதிதாகக் கட்டினான். ஒயரையே மாற்றினான். மிதவை எங்காவது தட்டுகிறதா என்று பார்க்க டேங்கின் அடித் திருகைக் கழற்றிப் பெட்ரோலை வடித்தான், நிரப்பினான், மறுபடி வடித்தான். ஒவ்வொரு முறையும் ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் அந்தத் திருகைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினான். கைகளிலும் ரொட்டியிலும் தலையணையிலும் பெட்ரோல் வாசனை என்று லம்ஸிரா சலித்துக்கொண்டாள்.

கடைசியில் அம்ப்ரொலாவுரியில் பட்டறை வைத்திருக்கிற எல்குஜாவிடம் கொண்டுபோனோம். எல்குஜா நல்ல கைக்காரன், அதைவிட நல்ல பக்திமான். வண்டிக்குள் ஏறியதும் புனிதருக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டான். வேலை முடியும்வரை தன் அழுக்குக் கை படத்தில் பட்டுவிடக்கூடாது என்று தோளைக் குறுக்கியபடியே இருந்தான். உடைத்துப் போட்ட வேறு வண்டியின் கடிகாரம் ஒன்றை மாட்டிப் பார்த்தான். அதுவும் அதே இடத்தில் போய் நின்றது. பக்கத்திலிருந்த சூடு காட்டும் முள்ளும் லேசாகச் சாய்ந்திருந்தது. அதை மூவரும் பார்த்தோம். மூன்று தலை இருந்தும் ஒன்றிலும் மூளை இல்லை. எல்குஜா கையைத் துடைத்துக்கொண்டு, இது இரும்புக்காரன் வேலை இல்லை, பாதிரியாரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

ஊருக்கு இது போதாதா? புனிதர் முள்ளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று கிணற்றடியில் பேச்சானது. லம்ஸிராவின் முகத்தில் அந்த நோய் வந்தபின் நான் பார்க்காத தெளிவு வந்தது. "பாதிக்குக் கீழ விடமாட்டார்" என்று என்னிடமே சொன்னாள். அவள் முள்ளைத்தான் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் துணிவில்லை. ஜும்பெருக்கோ பயம் இரட்டிப்பானது. அவனுக்கு முன்கூட்டியே சொல்கிற ஒரே வாய் அடைத்துப்போய்விட்டது. ஹேசல் மரக் கிளை ஒன்றை வெட்டி, பட்டை உரித்து, கோடு கிழித்து அளவுக் கம்பு செய்துகொண்டான். கிளம்பும்போது ஒருமுறை, வழியில் ஒருமுறை, கணவாயில் ஒருமுறை டேங்குக்குள் விட்டுப் பார்ப்பான். கூடவே ஒரு கேன் பெட்ரோலும் வைத்துக்கொண்டான்.

பிப்ரவரியில் பனி கொட்டியது. கணவாய் மூடிவிட்டது. ஒரு டயாலிசிஸ் தவறியது. லம்ஸிராவின் கால்கள் பூட்ஸுக்குள் நுழையாமல் ஜும்பெரின் கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். படுத்தால் மூச்சு விட முடியவில்லை, உட்கார்ந்தே தூங்கினாள். அடுத்த முறைக்கான நாள் காலையில் பனி வாரும் வண்டி போய்க் கணவாயில் வழி திறந்துவிட்டது என்று செய்தி வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். கடையில் மாவும் சிகரெட்டும் தீர்ந்திருந்தன என்று காரணம் சொன்னேன். உண்மையில், அவனைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

ஜும்பெர் கம்பை விட்டுப் பார்த்தான். டேங்க் கிட்டத்தட்ட முழுசு. சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டியிருந்தோம். நிகோர்ட்ஸ்மிண்டா ஊரைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் பெட்ரோல் வாசனை வந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவனிடம் அந்த வாசனைதான். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வழியில் நிறுத்தி அளக்கிற இடத்தில் அன்று அவன் நிறுத்தவில்லை. லம்ஸிராவின் மூச்சுச் சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நிறுத்தினால் அதை இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்திருப்பான்.

மேலே ஷாவோரி ஏரிச் சமவெளியில் எதுவும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர், நடுவே ஒரு வண்டி போகிற வழி, மேலே மூடுபனி. சமவெளி முடிந்து கடைசி ஏற்றம் தொடங்குகிற இடத்தில் எஞ்சின் இருமியது. இரண்டாம் முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. முள் பாதிக்கு மேலே, அசையாமல் நின்றது.

அந்த அமைதியை நான் மறக்க மாட்டேன். வண்டிக்குள் ஒரு பெண் மூச்சுக்காகப் போராடுகிற சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறு சத்தம் இல்லை. ஜும்பெர் இறங்கினான். கம்பு நுனிவரை காய்ந்து வந்தது. கேனை எடுத்து டேங்கில் ஊற்றினான். கேனில் பாதிக்கு மேல் ஊற்றியபின்தான் எனக்கு ஏதோ ஒழுகும் சத்தம் கேட்டது. "ஜும்பெர், கீழ பாரு" என்றேன். வண்டிக்கு அடியில் பனி மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

அவன் அத்தனை தடவை இறுக்கிய அந்த அடித் திருகு, மறை தேய்ந்து, வழியெல்லாம் சொட்டி, எங்கோ கழன்று விழுந்திருந்தது. பயந்து பயந்து இறுக்கியதே ஓட்டையாகிவிட்டது. நான் அடியில் ஊர்ந்து போய் விரலால் அடைத்தேன். பெட்ரோல் சட்டைக் கைக்குள் இறங்கி அக்குள்வரை போனது. அந்தக் குளிரில் அது நெருப்புபோல் சுட்டது. ஜும்பெர் அடைப்புக்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினான். கடைசியில் அளவுக் கம்பையே முழங்காலில் வைத்து ஒடித்து, ஒரு துண்டைக் கத்தியால் சீவி, துணி சுற்றி, ஓட்டையில் சுத்தியலால் அறைந்து இறுக்கினான். ஒழுகல் நின்றது. கேனில் எஞ்சியதைக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினான்.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன், அவன் வந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சாவியைத் திருகவில்லை.

கணவாயின் உச்சிக்கு இன்னும் ஏற வேண்டும். ஊற்றியதில் எவ்வளவு ஒழுகியது, எவ்வளவு தங்கியது என்று யாருக்கும் தெரியாது. பார்க்கக் கம்பு இல்லை. எதிரே இருக்கிற முள் பொய் சொல்கிறது. உச்சிக்கு ஒரு வளைவு முன்னால் நின்றுபோனால், ஏற்றத்தில் நின்ற வண்டி பனியில் பின்னோக்கி வழுக்கும். ஏரிப் பக்கம் சுவர் இல்லாத இடங்கள் உண்டு. திரும்பிப் போகவும் வழி அகலம் இல்லை.  நான் வாய்விட்டு ஜெபம் சொன்னேன். வெட்கப்படவில்லை. ஜும்பெரின் கைகள் ஸ்டீரிங்கிலேயே மரத்துப்போயிருந்தன. அது இன்னும் பயமாக இருந்தது.

லம்ஸிரா கையை நீட்டினாள். படத்தைப் பிடித்து இழுத்தாள். காந்தம் விடவில்லை, இரண்டு கையாலும் பெயர்த்து எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மே மாதம்வரை எடுக்கக்கூடாத படம். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

முள் விழுந்தது.

பாதிக்கு மேல் நின்றது, ஒரே மூச்சில் தரைக்குப் போனது. லம்ஸிரா அதைப் பார்த்தாள். அவள் உதட்டில் இருந்த கொஞ்சம் நிறமும் போய்விட்டது. "ஜும்பெர், விழுந்துடுச்சு" என்றாள். பாதிக்குக் கீழே விடமாட்டார் என்று அவள் எதை நம்பியிருந்தாள் என்பது அப்போது எனக்கு விளங்கியது. முள்ளை அல்ல, தன் உயிரைத்தான்.

ஜும்பெர் அவள் கையிலிருந்து படத்தை மெதுவாக வாங்கினான். முள்ளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். முள் எழுந்தது. விலக்கினான், விழுந்தது. இடப்பக்கம் காட்டினான், வலப்பக்கம் காட்டினான். எலும்பைக் கண்ட நாய்போல அது பின்னாலேயே போனது. படத்தைத் திருப்பி அந்தக் கருப்புக் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பைத்தியக்காரச் சிரிப்பு. அடக்க அடக்க வந்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"நான்தான் அங்க வெச்சேன்" என்றாள் லம்ஸிரா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "வேணும்னுதான் வெச்சேன், உன் கண்ணு முள்ள விட்டுத் திரும்பட்டும்னு. காந்தம் முள்ளப் பிடிக்கும்னு தெரியாது. நீ வழியெல்லாம் அந்த முள்ளையே பாத்துட்டு வந்த. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

ஜும்பெர் அவளைப் பார்த்தான். வீங்கிய முகம், நீலம் பாய்ந்த உதடு, அவனுடைய கம்பளிச் செருப்பில் திணித்த கால்கள். எத்தனை மாதமாக அவளைக் கணவாய்க்கு ஏற்றி இறக்கினான், ஒருநாளும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. அவன் தாடை ஆடியது. பிறகு அந்தச் சொல்லைச் சொன்னான். சத்தமாக, தெளிவாக, மேலே இருக்கிறவருக்கும் கேட்கட்டும் என்பதுபோல.

"உன் நோவு எனக்கு வரட்டும், லம்ஸிரா."

எங்கள் ஊரில் நாளுக்கு நூறு முறை கேட்கிற சொல்தான். ஆனால் அவன் அதை மெய்யாகவே சொன்னான். கேட்டால் கிடைத்துவிடும் என்று நம்புகிறவன், கேட்டுவிட்டான்.

லம்ஸிரா அவன் வாயைப் பொத்தினாள். "வாய மூடு. நோவு உனக்கு வந்தா வண்டிய யாரு ஓட்டறது? இந்த வலிகோவா?"

ஜும்பெர் படத்தை என்னிடம் பின்னால் கொடுத்து, வண்டிக் கடைசிக்குக் கொண்டுபோகச் சொன்னான். குனிந்து முள்ளைப் பார்த்தான். "கிடக்கல. தரைய விட்டு ஒரு நூல் மேல நிக்குது. இருக்கு" என்றான். நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் சாவியைத் திருகினான்.

உச்சிக்கு ஏறியதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்கதவோரம் உட்கார்ந்திருந்தேன். வண்டி நின்று பின்னால் வழுக்கினால் முதலில் பள்ளம் பார்க்கப்போவது நான்தான். கையில் மரக்கட்டை. நின்றால் குதித்துச் சக்கரத்துக்கு அடியில் போட வேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை. முழங்கால் வலிக்காரனுக்கு நல்ல வேலை. கடைசி வளைவில் எஞ்சின் இருமியது. கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டேன். வண்டி குலுங்கியது, ஒரு தடவை பின்னால் சறுக்கியது, சங்கிலி பனியைக் கடித்தது, மேலே ஏறிவிட்டோம். உச்சியைத் தாண்டி நாலு வண்டி நீளம் போனதும் எஞ்சின் தானாகவே அணைந்தது.

அங்கிருந்து த்கிபுலி ஊர்வரை இறக்கம். எஞ்சின் செத்தாலும் கியரில் விட்டால் அது வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும் என்று ஜும்பெர் இரண்டாம் கியரில் விட்டான். பாலத்தை உதைத்துப் பார்த்து ஏறுகிறவன், செத்த வண்டியைப் பனியில், கொண்டை வளைவு கொண்டை வளைவாக இறக்கினான். ஒரு வளைவில் பின்பக்கம் விலகி, என் கதவின் கண்ணாடியில் சாலை இல்லை, வெறும் மூடுபனிதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மறுபடி பனிச்சுவர். ஜும்பெர் நிமிடத்துக்கு ஒருதரம் திரும்பி லம்ஸிராவைப் பார்த்தான். முள்ளைப் பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடி, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சும் அடுத்தது வருமா என்று கேட்க வைத்தது.

த்கிபுலிக்குள் நுழையும் இடத்துப் பெட்ரோல் நிலையத்தில் வண்டி உருண்டு போய், குழாய்க்குச் சற்று முன்னால் நின்றது. மீதியை நானும் அங்கிருந்தவனும் தள்ளினோம். மர அடைப்பின்மேல் சோப்பு அப்பி டேங்கை நிரப்பினோம். குத்தாயிசியில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஓட்டமாய் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். ஜும்பெர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இது நடந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. அவளுடைய சிறுநீரகங்கள் திரும்பவில்லை. வாரத்தில் மூன்று நாள் இன்னும் போகிறார்கள். புனிதர் இப்போது பின்கதவில், என் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறார். பாதிரியாரிடம் சொன்னபோது, அங்கிருந்தும் அவருக்குக் கண் தெரியும் என்றார். முள் உண்மை பேசுகிறது. ஜும்பெர் புதுக் கம்பு வெட்டி வைத்திருக்கிறான், பாலத்தையும் உதைக்கிறான். வேறு யாரிடமும் அவன் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. ஆனால் ஏரி தாண்டி வண்டி நின்ற இடம் வரும்போது அவள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "உன் நோவு எனக்கு வரட்டும்" என்பான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வண்டிய யாரு ஓட்டறது?" என்பாள். ஒருமுறையும் தவறியதில்லை. நான் பின்னால் உட்கார்ந்து கேட்காத மாதிரி இருப்பேன்.

போன வாரம் அவன் சொன்னான். பதில் வரவில்லை.

நான் எஞ்சின் மேட்டிலிருந்து கையை எடுத்தேன். அவள் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. ஜும்பெர் மறுபடி சொன்னான், குரல் உடைந்தது. அதற்கும் பதில் இல்லை. அவன் பிரேக்கை மிதித்தான். நடு ஏற்றத்தில், பனியில், நிறுத்தவே கூடாத இடத்தில் வண்டி நின்றது. அவன் அவள் பக்கம் கையை நீட்டினான். தொடப் பயந்து, கை அந்தரத்திலேயே நின்றது.

லம்ஸிரா கண்ணைத் திறக்கவில்லை. "தூங்கிட்டேன்" என்றாள். "நிறுத்தாத. ஓட்டு."